பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நூலகத்தில் எதைத் தொடங்கலாம்? சேலத்துக்கு ஏற்ற நான்கு வழிகள்

ஆறாம் வகுப்பு வரை நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை எட்டாம் வகுப்பில் காணாமல் போகிறது. மறுபடி தலைகாட்டுவது குரூப் 4 தேர்வுக்குப் படிக்கத்தான். இடைப்பட்ட வருஷங்களில் அந்தப் பிள்ளைக்கு நூலகத்தில் என்ன இருக்கிறது? சிறுவர் பகுதி நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். பெரியவர்கள் பகுதியில் இரண்டு வார்த்தை பேசினால் நான்கு பேர் முறைப்பார்கள்.

இதைச் சரிசெய்ய நினைக்கும் வாசகர் வட்டத்துக்காரர்கள் எல்லோரும் வந்து முட்டி நிற்கும் கேள்வி ஒன்றுதான்: 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குப் படைப்பு சார்ந்த ஏதாவது தொடங்க வேண்டும், எதைத் தொடங்குவது? நாடகம் என்கிறார் ஒருவர், குறும்படம் என்கிறார் இன்னொருவர், பழைய ஆட்கள் கையெழுத்துப் பத்திரிகை என்கிறார்கள். தொடக்க நாளில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகும் எது உயிரோடு இருக்கும் என்பதை வைத்துத்தான் நான் இவற்றை ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் பிள்ளைகளின் வாரத்தைப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளி, அது முடிந்தால் டியூஷன், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். மிஞ்சுவது ஞாயிறு. நல்லவேளையாக நம் ஊர்க் கிளை நூலகங்கள் பெரும்பாலானவற்றுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கும் கல்யாணம், காதுகுத்து, மாதிரித் தேர்வு, ஆடி வந்தால் மாரியம்மன் பண்டிகை என்று போட்டி இருக்கிறது. ஒரே பிள்ளை தொடர்ந்து நான்கு ஞாயிறு வருவது அபூர்வம். ஆகவே என் முதல் அளவுகோல் இது: இரண்டு வாரம் வராத பிள்ளை மூன்றாவது வாரம் வந்து உட்கார்ந்தால் அதற்கு அங்கே வேலை இருக்குமா? இந்தக் கேள்வியிலேயே பாதித் திட்டங்கள் விழுந்துவிடும்.

அடுத்தது சத்தம். இன்றைக்கு எந்த நூலகத்திலும் அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். வேலைக்காகப் படிக்கும் ஒருவர் பக்கத்தில் பதினைந்து பிள்ளைகள் வசனம் பேசினால் முதல் புகார் அன்று மாலையே நூலகரிடம் போகும். அதை அவர் மேல் குற்றமாகச் சொல்ல முடியாது. மாடி, பின்பக்க அறை, மரத்தடி என்று தனி இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பல விஷயங்கள் முடிவாகும்.

மூன்றாவது, நடத்துகிற ஆள். பல கிளைகளில் நூலகர் ஒருவர்தான். புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் பதிவேடு எழுதுவதும் அவரே. இதையும் அவர் தலையில் கட்டக்கூடாது. வாசகர் வட்டத்திலிருந்து பெரியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண், எல்லா அமர்விலும் கூடவே இருக்க வேண்டும். ஒரே ஒரு பெரியவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஏற்பாடு, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வேண்டாம்.

நான்காவது பணம். வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம்; 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆனால் அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. கிளை நூலகர் தன் விருப்பப்படி எடுத்து மார்க்கர் பேனா வாங்க முடியாது. ஆகவே செலவு வாசகர் வட்டத்தின் கையிலிருந்துதான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

வீடு திரும்புவதும் ஒரு கணக்கு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் இலவசம் என்பதால் கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்துபோவதற்குக் காசு தடை இல்லை. இருட்டுதான் தடை. மதியம் இரண்டரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்தால் எந்த வீட்டிலும் மறுப்பு வராது. ஐந்தரைக்கு முடித்தால் பெண்பிள்ளைகள் மெல்லக் குறைவார்கள், காரணம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக, முடிவில் கையில் என்ன மிஞ்சும் என்பது. சான்றிதழைச் சொல்லவில்லை, அது பள்ளியிலேயே நிறையக் கிடைக்கிறது.

## ஒற்றைத்தாள் இதழ்

கையெழுத்துப் பத்திரிகையின் சின்னத் தம்பி இது. ஓர் ஏ4 தாளை நீளவாட்டில் பாதியாகவும், குறுக்கே பாதியாகவும் மறுபடி பாதியாகவும் மடித்தால் எட்டுக் கட்டம் வரும். நீளவாட்டு நடுக்கோட்டில், இரண்டு ஓரத்திலும் ஒரு கட்டம் விட்டு, நடுவில் மட்டும் கத்தரித்து மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். பின்னும் வேண்டாம், பசையும் வேண்டாம். எழுதுவதும் வரைவதும் தாளின் ஒரு பக்கத்தில்தான். ஆகவே ஒரு ஜெராக்ஸ் பிரதி என்பது ஓர் இதழ். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றாலும் முப்பது பிரதிக்கு அறுபது ரூபாய்தான்.

என் அளவுகோல்களில் இது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறது. வராத பிள்ளை அடுத்த வாரம் வந்து புதிய தாளை எடுத்துக்கொள்ளலாம். படக்கதை வரைபவர், கவிதை எழுதுபவர், கிரிக்கெட் புள்ளிவிவரம் எழுதுபவர், தட்டுவடை செட் எந்தத் தெருவில் நன்றாக இருக்கும் என்று ஆராய்ச்சி செய்பவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரலாம். சத்தம் இல்லை. முக்கியமாக, பேசவே பேசாத பிள்ளைக்கு இதில் இடம் இருக்கிறது.

சிக்கல்கள் சின்னவை. விரித்த தாளில் மேல் வரிசைப் பக்கங்கள் தலைகீழாக இருக்க வேண்டும். இது புரியாமல் முதல் நாள் எல்லோரும் ஒரு தாளை வீணாக்குவார்கள். வெற்றுத்தாளை மடித்துப் பக்க எண் போட்டுவிட்டு, அதை விரித்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பென்சிலும் வெளிர் நீல மையும் ஜெராக்ஸில் சரியாக விழாது, கருப்பு ஜெல் பேனாதான் வேண்டும். விளிம்பில் அரை சென்டிமீட்டராவது விடாவிட்டால் கடைசி எழுத்தை மெஷின் தின்றுவிடும்.

மறைந்திருக்கும் செலவு வேறொன்று: படித்துப் பார்க்கும் நேரம். பிள்ளைகள் எழுதுவதில் சில சமயம் வீட்டுச் சண்டை இருக்கும், ஓர் ஆசிரியரின் பெயர் இருக்கும், யாரையோ கேலி செய்யும் படம் இருக்கும். பிரதி எடுப்பதற்கு முன் ஒரு பெரியவர் எல்லாவற்றையும் படித்தே ஆக வேண்டும். எதை அச்சிடுவது, எதை அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேசுவது என்று முடிவெடுக்கத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். தமிழாசிரியர் கிடைத்தால் நல்லது. ஆனால் சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழை திருத்தும் வகுப்பாக மாறிவிட்டால் மூன்றாவது வாரம் மேசை காலி.

பள்ளிக் கல்வித் துறையே மாணவர்களுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களை நடத்துகிறதே, இது எதற்கு என்று கேட்பார்கள். அவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எழுதுகிறார்கள். இதில் யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

## நாடகமும் கூத்தும்

சேலம் மாவட்டத்தில் இருந்துகொண்டு நாடகம் என்றால் தெருக்கூத்தைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. எடப்பாடி, ஓமலூர்ப் பக்கம் திருவிழா என்றால் இன்றும் விடிய விடியக் கூத்து உண்டு. மரப்பாவைக் கூத்தும் இந்தப் பக்கத்துச் சொத்துதான். ஒரு கூத்து வாத்தியார் வந்து அரை மணி நேரம் அடவு போட்டுக் காட்டினால் செல்போனைப் பையில் வைக்கும் பிள்ளைகளை வேறு எதனாலும் அப்படிக் கட்டிப்போட முடியாது. கட்டியங்காரன் வேஷம் இந்த வயதுக்கென்றே செய்தது மாதிரி: யாரையும் கிண்டல் செய்யலாம், ராஜாவைக்கூட.

ஆனால் நாடகம் வருகையை நம்பி நிற்கும் கலை. துரியோதனன் டியூஷனுக்குப் போய்விட்டால் அன்றைக்கு ஒத்திகை இல்லை. சத்தமோ கேட்கவே வேண்டாம். சில வீடுகளில் பெண்பிள்ளை மேடையேறுவதற்கு இன்னும் சம்மதம் வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கு வீட்டுக்குப் போய்ப் பேச ஓர் அக்கா வேண்டும், செய்தி அனுப்பினால் போதாது.

யாரும் முதலில் யோசிக்காத சிக்கல் காலம். பிள்ளைகளுக்கு நேரம் இருப்பது மே மாதத்தில். கூத்துக் கலைஞர்களுக்குப் பங்குனி தொடங்கி ஆடி வரை ஊர் ஊராகத் திருவிழா. இரவெல்லாம் ஆடிவிட்டுக் காலையில் தூங்கப் போகிறவரை மதியம் இரண்டரைக்கு வரச் சொல்வது நியாயமில்லை. தேதியைப் பிப்ரவரியிலேயே பேசி வைக்க வேண்டும். சம்பளத்தையும் அப்போதே பேச வேண்டும். நூலகம்தானே, சேவைதானே என்று பொன்னாடையோடு அனுப்பிவைக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. மிருதங்கக்காரர், முகவீணைக்காரர் வந்தால் அவர்களுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பத்து நாள் பட்டறை என்றால் நான்கு வழிகளில் இதற்குத்தான் செலவு அதிகம்.

நடுவழி ஒன்று இருக்கிறது: வாசிப்பு நாடகம். மனப்பாடம் இல்லை, ஒப்பனை இல்லை, வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரதியைப் பார்த்து வாசிப்பது. ஒருவர் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அவர் பங்கையும் வாசிப்பார். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்துகளை எடுத்தால் உரிமைச் சிக்கலும் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நிறையக் கிடைக்கின்றன. தனி அறை உள்ள கிளைக்கு மாதம் ஒரு முறை இதைச் செய்வது சுலபம்.

## ஸ்டாப் மோஷன் குறும்படம்

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டாத சேலத்துப் பிள்ளை இல்லை. 1930களில் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில் மிஞ்சி நிற்பது அந்த வளைவுதான். சினிமா எடுத்த ஊர் என்ற பெருமையைச் சொல்லித் தொடங்க இது நல்ல வாய்ப்பு.

களிமண் பொம்மையையோ காகித உருவத்தையோ கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொன்றையும் படமெடுத்து ஓடவிடுவதுதான் வேலை. கணக்கு இங்கேதான் கடிக்கிறது. நொடிக்கு 12 படம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 720 படம். நொடிக்கு 8 என்று குறைத்தாலும் 480. நான்கு பேர் கொண்ட குழு ஒரு மதியத்தில் அரை நிமிடம் எடுத்தால் அது நல்ல வேகம். இதைச் சொல்லாமல் தொடங்கினால் பிள்ளைகள் ஐந்து நிமிடக் கதையோடு வந்து நிற்பார்கள்.

போன் யாருடையது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் அப்பாவின் போன். ஞாயிறு மதியம் அவருக்கும் அது வேண்டும். எடுத்த படங்களால் போன் நிறைந்துவிட்டால் வீட்டில் திட்டு விழுவதும் பிள்ளைக்குத்தான். வாசகர் வட்டத்தில் யாராவது பழைய போன்கள் இரண்டு மூன்று கொடுத்தால் இந்தத் தலைவலி தீரும். ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. முக்காலி ஒன்றிரண்டும் மேசை விளக்கும் வேண்டும். சன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள். மேகம் வந்து போகப் போகப் படம் மின்னும். சன்னலை மூடி, விளக்கைப் போட்டு, போனில் வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். கரண்ட் போனால் அன்றைய காட்சி பாதியில் நிற்கும்.

விட்டுவிட்டு வருவதைத் தாங்குமா? ஓரளவு. நான்கு பேர் குழுவில் ஒருவர் குறைந்தால் சமாளிக்கலாம், இரண்டு பேர் குறைந்தால் முடியாது. வாரா வாரம் நடத்தாமல் மே மாதத்தில் தொடர்ந்து ஐந்து நாள் முகாமாக வைத்தால் இந்தக் குறை மறையும். பையன்களைக் கூட்டமாக உள்ளே கொண்டுவருவதில் இதற்கு இணை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுதச் சொன்னால் ஓடுகிற பையன் பொம்மையின் கையை அசைக்க மூன்று மணி நேரம் குனிந்து உட்காருகிறான்.

## ஊர்க்கதைப் பதிவு

பெரியவர்களிடம் போய்க் கேட்டு, குரலைப் பதிந்து, எழுதி, நூலகத்தில் ஒரு கோப்பாக வைப்பது. சேலத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை, அம்மாப்பேட்டையில் தறி, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது ஊரைவிட்டுக் கிளம்பியவர்களின் பேரன்கள் இன்னும் தாத்தா சொன்னதைச் சொல்கிறார்கள்; தண்ணீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுகின்றன.

கையில் மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால் நான்கிலும் கனமானது இதுதான். ஐம்பது வருஷம் கழித்தும் யாராவது தேடி வந்து கேட்பார்கள்.

உழைப்பும் அதிகம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். வட்டார வழக்காக இருந்தால் போனின் குரல் தட்டச்சு தடுமாறும், கையால் திருத்த வேண்டும். வெளியே போகும்போது பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். பேசுபவரிடம் பதிவுக்குச் சம்மதம், பிள்ளையின் வீட்டில் எழுத்தில் சம்மதம், இரண்டும் வேண்டும். சாதி, கூலி, பழைய தகராறு எல்லாம் பேச்சில் வரும். அதைக் கேட்டு நிற்கும் பக்குவம் 13 வயதில் எதிர்பார்க்கக் கூடாது. பதினொன்றாம் வகுப்புக்காரர்களுக்கு இது சரி.

சேகரித்ததைத் தமிழ் விக்கிப்பீடியாவில் போடலாமே என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பாட்டி சொன்னதை அங்கே சான்றாக வைக்க முடியாது. ஏற்கெனவே அச்சான ஆதாரம் கேட்பார்கள். ஆனால் நூலகத்தின் பழைய மலர்கள், மாவட்ட விவரச் சுவடிகளை வைத்துக் கட்டுரை எழுதலாம், எடுத்த படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் தளம்) ஏற்றலாம். விக்கிப்பீடியா ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு புதிய கணக்குகளுக்கு மேல் தொடங்க விடாது. பதினைந்து பேரை உட்காரவைத்த பிறகு இது தெரியவந்தால் மதியம் முழுக்கப் போச்சு. பிள்ளைகள் சொந்தப் பெயரில் கணக்கு தொடங்காமல் புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும்.

## ஒரே பார்வையில்

| | ஒற்றைத்தாள் இதழ் | நாடகம், கூத்து | ஸ்டாப் மோஷன் | ஊர்க்கதைப் பதிவு |
|---|---|---|---|---|
| விட்டுவிட்டு வந்தால் | பாதிப்பில்லை | நின்றுபோகும் (வாசிப்பு நாடகம் தாங்கும்) | ஓரளவு தாங்கும் | தாங்கும், ஆனால் எழுத்துவேலை தேங்கும் |
| சத்தம் | இல்லை | அதிகம் | நடுத்தரம் | நூலகத்துக்குள் இல்லை |
| கட்டாயம் வேண்டிய ஆள் | பொறுமையான வாசகர் | கலைஞர், சம்பளத்தோடு | போன் வேலை தெரிந்தவர் | கூடப் போகும் பெரியவர் |
| செலவு | மிகக் குறைவு | நான்கிலும் அதிகம் | தொடக்கத்தில் மட்டும் | பஸ், ஜெராக்ஸ் |
| தெரியாமல் வரும் செலவு | படித்துப் பார்க்கும் நேரம் | பெற்றோரிடம் பேசும் நேரம் | போனும் வெளிச்சமும் | பேச்சை எழுத்தாக்குவது |
| ஏற்ற வயது | 13 முதல் | 13 முதல் | 13 முதல் | 16 முதல் |

## எந்த நூலகத்துக்கு எது

ஒரே அறை, ஒரே நூலகர், சுற்றிலும் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதழ்தான். நகரத்துக் கிளைகள் பலவற்றின் நிலைமை இதுவே. மாடியோ தனி அறையோ இருந்தால் இதழோடு மாதம் ஒரு வாசிப்பு நாடகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். மாவட்ட மைய நூலகம் மாதிரிப் பெரிய இடத்தில் மே மாதம் ஸ்டாப் மோஷன் முகாம் வைக்கலாம். நகரம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர முடியும்.

கூத்து, வாத்தியார் வசிக்கும் ஊரிலேயே நடக்க வேண்டும். எடப்பாடிப் பக்கத்து ஊர்ப்புற நூலகம் ஒன்றுக்கு நடந்து வரும் தூரத்தில் ஜமா (கூத்துக் குழு) இருந்தால், மேலே சொன்ன வரிசையை மறந்துவிட்டு அவர்களிடம் போய்ப் பேசுங்கள்.

ஏற்காட்டுக் கணக்கு முழுக்க வேறு. கீழே மே மாதம் ஓய்வு. மேலே அப்போதுதான் கோடை விழா, சுற்றுலாக் கூட்டம், இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நெரிசல். பல வீடுகளில் பிள்ளைகளும் கடையில் நிற்பார்கள். நவம்பரிலிருந்து தை வரை காப்பிப் பழம் பறிக்கும் வேலை. தோட்டத்து வீடுகளில் அப்போது பெரியவர்கள் யாரையும் பகலில் பிடிக்க முடியாது. பள்ளி திறந்த பின் ஜூன், ஜூலைதான் தோது. மழையும் மூடுபனியும் இருக்கும் என்பதால் ஞாயிறு காலையில் வைத்து, மதிய பஸ்ஸுக்குள் அனுப்பிவிட வேண்டும். அங்கே என் தேர்வு ஊர்க்கதைப் பதிவு. சேர்வராயன் மலை கிராமங்களின் கதையையும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கதையையும் அந்தப் பிள்ளைகளே கேட்டு எழுத வேண்டும். கீழேயிருந்து மைக்கோடு போகிறவர்கள் எழுதியது போதும். சின்னப் பிள்ளைகள் அதே கதைகளை ஒற்றைத்தாள் இதழாக வரையட்டும்.

ரோபாட்டிக்ஸ், கோடிங் வகுப்பை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. கெட்டது என்பதால் இல்லை. பொருள் வாங்கிய வருஷம் நடக்கும், ஒரு ஒயர் போனதும் பெட்டி அலமாரிக்குப் போய்விடும். ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டியும் வேண்டாம். பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அங்கே முதல் சுற்றில் தோற்ற பிள்ளைகளுக்கும் ஓர் இடம் வேண்டும்.

இதழ் என்று முடிவானால், மாவட்ட நூலக அலுவலருக்கு அனுமதிக் கடிதத்தை மே மாதமே கொடுத்துவிடுங்கள். ஜூன் பாதியில் தொடங்கி, மாதம் ஓர் இதழ் என்று வைத்தால் செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்குள் மூன்று வந்துவிடும். தேர்வுக்கு இரண்டு வாரம் விடுமுறை விடுங்கள். விடாவிட்டாலும் யாரும் வரப்போவதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஜனவரிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், பிரதிகளை நூலகர் மேசைக்குப் பக்கத்தில், வெளியே போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். குரூப் 4-க்குப் படிப்பவர்தான் முதல் பிரதியை எடுப்பார்.